நுனி நாக்கு

தொம்ளூர் மேம்பாலத்துக்குப் பக்கத்தில்
பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடி,
சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அறை.
முப்பது நொடிக்கு நாலாயிரத்து ஐந்நூறு,
வரிப் பிடித்தம் போக.

ஆறு வருஷத்துக்கு முன்னால்
இதே மைக்கில் பனியனுக்காக உறுமினேன்.
தொடை தட்டினேன், நிஜமாகவே தட்டினேன்,
சத்தம் வேண்டுமென்றார்கள்.
இப்போது முகம் கழுவும் நுரைக்காக
விம்மச் சொல்கிறார்கள்.
காலம் மாறிவிட்டதாம்.
ரேட் மாறவில்லை.

‘ஆண்மையின் புது முகம்’ என்றுதான்
முதலில் எழுதினேன்.
ஆனால் அந்தச் சொல்லை
கலாசிபாளையம் மூத்திரச் சுவரில்
ஒரு வைத்தியர் எப்போதோ வாங்கிவிட்டார்.
குறைவா, தளர்ச்சியா,
மாதம் இரண்டாம் சனி, லாட்ஜ் அறை எண் பதினான்கு.
நுரைக்கு ஆகாது. அடித்துவிட்டு
‘அழுகிறவனே ஆண்’ என்றேன்.
மேகனா ஹெப்பார் கைதட்டினாள்.
அவளுக்குத் தமிழ் தெரியாது,
நீளம் பிடித்திருந்தது.

திரையில் ஒருவன் கண்ணாடி முன் நிற்கிறான்.
கன்னத்தில் கிளிசரின்.
தாடியில் ஒவ்வொரு மயிரும் அதனதன் இடத்தில்.
எதுக்கு அழறான் என்று கேட்டேன்,
குரலுக்காகத்தான்.
‘சும்மா, ஃபீலிங்ணா’ என்றான் கிளமென்ட்.
‘இன்னும் கொஞ்சம் பேஸ் குடுங்க.
அழணும், ஆனா அடிவயித்துலேர்ந்து அழணும்.’

பதினேழாவது டேக்கில் நாக்கு கனத்து
‘அளுகிறவனே’ என்று விழுந்தது.
மேகனா போனிலிருந்து நிமிர்ந்தாள்.
‘இது புரியுதே! கன்னடத்துலயும் அளுதான்.’
அதையே வைத்துக்கொண்டார்கள்.

வீட்டில் பரிதி பேசுவதில்லை.
பதிமூன்று வயது. கோபமெல்லாம் இல்லை.
நாக்கை முழுக்க அண்ணத்தில் ஒட்டி வைத்தால்
ஆறு மாதத்தில் தாடை கூராகுமென்று
போனுக்குள் ஒருவன் சொல்லியிருக்கிறான்.
சட்டை போடாத ஒருவன். எந்த ஊரோ.
சாப்பிட்டியா என்றால்
உதட்டில் ஒரு விரல் வைத்து
அதைத் தாடையோரமாகக் காது வரை இழுக்கிறான்.
பதில் அதுதானாம்.
கணக்கு மார்க்கை அவன் அம்மா கேட்டாள்.
அதற்கும் அதே விரல்.

வாயை மூடிக்கொண்டிருப்பது ஆம்பிளைக்கு அழகு என்று
எனக்கும்தான் சொன்னார்கள்.
மூடிய வாய்க்குள் நாக்கை எங்கே வைப்பதென்று
இத்தனை துல்லியமாக
யாரும் சொல்லித் தரவில்லை.

நேற்று ராத்திரி லிங்கராஜபுரத்தில் கரண்ட் இல்லை.
இருட்டில் அவன் முகம் மட்டும் நீலமாக.
தாடைக்காரன் வருவதற்கு முன்னால்
நான் வந்தேன், அடிவயிற்றிலிருந்து.
அவன் கட்டைவிரல் தயாராக மேலே நின்றது.
ஐந்து நொடி.
தவிர்த்தான்.
அடுத்த வீடியோவுக்கு முன்பும் நானே.
தவிர்த்தான்.
மூன்றாவது தடவை விரல் இறங்கவில்லை.
முப்பது நொடியும் ஓடி முடிந்தேன்.

‘அப்பா.’
எட்டு நாளுக்குப் பிறகு வந்த சொல்,
கொஞ்சம் துருவோடு.
‘அது ள இல்லப்பா, ழ.
ள மேல போய்த் தொடும்.
ழ தொடாது. கிட்ட வரைக்கும் போகும், அவ்ளோதான்.’
பள்ளியில் கன்னடம் படிக்கிற பிள்ளை.

செய்து காட்டினான்.
போன் வெளிச்சத்தில் வாயைத் திறந்து
கோணல் பல்லுக்குப் பின்னால்
நாக்கு மடங்கி நின்றது
எதையும் தொடாமல்.
தாடை அதுபாட்டுக்குத் தொங்கியது.
நானும் வாயைத் திறந்தேன்.
ஆளுக்கொரு ழ.
இருட்டில் என்னடா பண்றீங்க என்று
அடுப்பங்கரையிலிருந்து அவள் கேட்டபோது
இரண்டு பேராலும் பதில் சொல்ல முடியவில்லை.

கரண்ட் வந்தது. வாயை மூடிக்கொண்டான்.
விரல் மறுபடி காது வரை போயிற்று.

நாளைக்கு வேறு கம்பெனி, தாடி எண்ணெய்.
பேச்சே வேண்டாமாம்,
மூச்சு மட்டும் போதுமாம்.
மூச்சுக்கு என்ன ரேட் என்று
கிளமென்ட் இன்னும் சொல்லவில்லை.