உப்பில்லாத பங்கு

தடைக்காலம் தொடங்கிய மூன்றாம் நாள்
பாம்பன் தெற்குவாடியில் ஐந்து நாய்கள்
காலிக் கூடைகளை முகர்ந்துவிட்டு
என் முன்னால் வந்து உட்கார்ந்தன.

படகில் போகிறவர்களுக்கு நிவாரணம் உண்டு.
ஆதார், பாஸ்புக், சங்கத்துக் கையெழுத்து
மூன்றும் இருந்தால் போதும்.
டீசலுக்கு இல்லை. கெளுத்திக்கு இல்லை.
மூன்று காலில் ஓடும் வின்ச்சுக்கு இல்லை.
பெயர் வைக்காத குட்டிக்கு இல்லை.
சம்மாட்டிக்கே இல்லை.
வேலை செய்யாமல் முதல் பங்கு கேட்பதால்
அதற்கு அந்தப் பெயர்.
நிஜச் சம்மாட்டி ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார்,
கொஞ்சம் தாமதமாக.

என்னிடம் இருந்தது கருவாடுதான்.
போட்டேன். தின்றன.
பத்தாம் நாள் டீசலின் முதுகில்
முடி கொத்தாகக் கழன்று வந்தது.
மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் நாகநாதன்
வண்டியை நிறுத்தாமலே சொன்னார்:
"உப்பை நிறுத்து பிலோமி.
மனுசன் வேர்த்துக் கழிப்பான், இது எங்க போயி கழிக்கும்?"

இருபத்திரண்டு வருசமாக
என் விரலுக்குத் தெரிந்த ஒரே கணக்கு
மூணு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு.
வாலிநோக்கத்து மூட்டை பிரிக்கும் கையில்
கீறல் ஆறியதே இல்லை.

அந்தக் கையால்
நாட்டுப்படகில் வந்த சூடையைத்
தலை கிள்ளி, குடல் எடுத்து,
குடம் பத்து ரூபாய்த் தண்ணீரில் அலசி, அவித்து
மாடித் தகரத்தில் பரப்பினேன்.
உப்பில்லாத மீனுக்குக் காவல் அதிகம்.
ஈ முந்தும். காக்கை அதற்கும் முந்தும்.
பழைய வலையை மூடிவிட்டுப்
பக்கத்தில் நானும் காய்ந்தேன்.

இடித்த மீன்பொடி, கேப்பை மாவு,
வேகவைத்த பூசணி, ஒரு முட்டை.
வெங்காயம் ஆகாது. பூண்டும் ஆகாது.
பிசைந்து முடிக்கையில் வலது கை
தானாக உப்புச் சட்டிக்குள் போய்விட்டது.
இடது கையால் பிடித்து வெளியே எடுத்தேன்.

சீனி சுல்தான் பேக்கரியில்
ரஸ்க் இறக்கிய பிறகு
அடுப்பில் ஒரு மணி நேரச் சூடு மிச்சமிருக்கும்.
"தட்டு மட்டும் உன்னோடதா இருக்கட்டும்" என்றார்.
அவ்வளவுதான் பேச்சு.

முதல் ஈடு
வலையில் கட்டும் ஈயக்குண்டு மாதிரி.
வின்ச்சு கவ்வியதைக் கீழே வைத்துவிட்டு
என் முகத்தைப் பார்த்தது.
சம்மாட்டி தன் பங்கைக் கொண்டுபோய்
கவிழ்த்துப் போட்ட வள்ளத்தடியில் குழி தோண்டி
மூக்காலேயே மண்ணைத் தள்ளி மூடிற்று.
துஷ்டி கேட்டுத் திரும்புகிறவரைப் போல
முகத்தை வைத்துக்கொண்டு நடந்தது.

அடுத்த ஈட்டில் பூசணியைக் கூட்டினேன்.
"இளஞ்சூட்டுல கெடக்கட்டும், அவசரப்பட்டா கல்லாகும்"
என்றார் சீனி சுல்தான், தட்டைப் பார்க்காமல்.
மொறுமொறுவென்று வந்தது.
குட்டி இரண்டை விழுங்கி விக்கியது.

நானும் ஒன்றைக் கடித்துப் பார்த்தேன்.
நாக்கு எதையோ தேடிக் களைத்துவிட்டது.
உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள்.
குப்பையில் பிறந்தவை
அந்தப் பழமொழியைக் கேட்டதில்லை போலும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை,
அதுவும் உண்டுதானே.
அப்படியானால் இந்த ஐந்துக்கும்
என்னிடம் ஒரு கடனும் இல்லை.
கணக்கு சுத்தம். எனக்கு அது பிடித்திருந்தது.
என் உப்பைத் தின்ற மனிதர்கள்
எத்தனை பேர், எங்கே என்று
எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டேன்.

படகுகள் திரும்பிய அன்று
ஐந்தும் என்னைத் தாண்டி ஓடின.
டீசலின் முதுகில் புதுமுடி மினுங்கியது.
வாய் நிறையக் காரல்.
என் மடியில் டப்பா திறந்தபடி.

சாயங்காலம் சம்மாட்டி மட்டும்
வள்ளத்தடியில் தோண்டிக்கொண்டிருந்தது.
எடுத்தது. முகர்ந்தது.
இத்தனை நாள் கச்சான் காற்று
அதற்கு உப்பேற்றியிருக்கும்.
கடித்துப் பார்த்தது. பல் இறங்கவில்லை.
திரும்பவும் புதைத்துவிட்டு
இந்தத் தடவை
அதன் மேலேயே படுத்துக்கொண்டது.