தேறவில்லை

ஏப்ரல் கடைசி. ஔலுவின் சாலைகளில்
உப்பு இன்னும் வெளுத்துக் கிடக்கிறது.
என் சோதனைக் கூடத்தில் காலையிலேயே இரண்டு வண்டிகள்.

யார்க்கோவின் செடான்:
கதவு ஒரு நீலம், பானெட் வேறு நீலம்.
புதுச் சமையலறைக்கு என்று சேர்த்த பணம்
டர்போவாகி உள்ளே விசிலடிக்கிறது.
காதை அடைத்துக்கொண்டுதான் சத்தத்தை அளந்தேன்.
நூற்று நான்கு.

ஐலாவின் ஜாகுவார்
அவள் மருந்துக்கடையை விற்ற வருடம் வாங்கியது.
பன்னிரண்டு சிலிண்டர், வால்நட் பலகை,
தோல் இருக்கையில் ஆற்றுப்படுகை வெடிப்பு.
இன்ஜின் ஓடுகிறதா என்று
கை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.
ஓடியது,
சொட்டுச் சொட்டாகத் தரையில் கணக்கெழுதியபடி.

இரண்டுக்கும் ஒரே தாள் கொடுத்தேன்.
ஒன்றுக்கு வாய் அதிகம்.
இன்னொன்றுக்கு எதுவும் உள்ளே தங்குவதில்லை.

காப்பி இயந்திரத்தருகே நின்று
முதலில் இருவரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள்.
பிறகு அவள் கேட்டாள்:
"எத்தனை குதிரை?"
"எண்ணவில்லை. லாயம்தான் பத்தவில்லை."

சாவிகள் கைமாறியதை
ஜன்னல் வழியே பார்த்தேன்.

யார்க்கோ ஜாகுவாரை
தூங்கிவிட்ட பிள்ளையை அறைக்குத் தூக்கிப் போகிறவன்போல்
பாலம் வரை நடத்திப் போனான்.
முப்பதைத் தாண்டவேயில்லை.

ஐலா?
முதலில் புகை தெரிந்தது, பிறகு சத்தம்,
பிறகு அவள் சிரிப்பு,
அறுபத்தெட்டு வயதின் வெள்ளைமுடி
திறந்த ஜன்னலுக்கு வெளியே.

சோதனையில் தோற்ற வண்டிகள்.
விதிப்படி நான் ஓடிப்போய்த் தடுத்திருக்க வேண்டும்.
கீழே குனிந்து
எண்ணெய்மேல் மரத்தூள் தூவிக்கொண்டிருந்தேன்.