இரண்டு மணி பத்து நிமிடம்

அவ்வளவுதான் என் பல்கனிக்கு வெயில்.
லாங்கென்தாலில், மூன்றாம் மாடியில்,
மே மாதக் கணக்கு.
ஒன்று ஐம்பதுக்குக் கம்பியைத் தொடும்.
நான்கு மணிக்குப் பள்ளிக்கூடத்துக் கஸ்தானியா மரம்
எடுத்துக்கொண்டு போய்விடும்.
பிஸ்கட் தொழிற்சாலையில் என் முறை முடிய ஒன்று நாற்பது.
சைக்கிளில் காற்றிருந்தால்
பத்து நிமிடம்தான் நட்டம்.

வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமலே
சட்டிகளை நகர்த்துவேன்.
முதலில் கற்பூரவள்ளி, அதற்குப் பொறுமையில்லை.
துளசி கம்பியோரம்.
மார்கழி முழுக்கக் குளியலறை ஜன்னலில்
மொட்டைக் குச்சியாய் நின்ற கறிவேப்பிலைக்கு
இப்போது ஏழு இணுக்கு. எண்ணியிருக்கிறேன்.
புதினாவை நான் கவனிப்பதில்லை.
கடன் கொடுத்தவன் மாதிரி
எந்தச் சட்டியிலும் தலைகாட்டும்.

மல்லி, சமையலுக்கு வாங்கின பையிலிருந்து.
ஒரு விதைக்குள் இரண்டு.
போத்தலை உருட்டிப் பிளக்கவேண்டும்.
கொஞ்சம் கூட உருட்டினால்
ரசத்துக்குத்தான் ஆகும்.

போன மாதம்
எதிர்ப் புல்வெளியில் இரும்புக் கம்பங்கள் முளைத்தன.
உச்சியில் மூலைமட்டம்போலப் பலகைத் துண்டுகள்.
இந்த நாட்டில் வீடு கட்டுமுன்
அதன் ஓரங்களை ஆகாயத்தில் காட்டவேண்டும்.
வராத வீட்டின் எலும்பு.
ஊடே ஒரு காகம் பறந்தது,
யாருடைய படுக்கையறையோ.

ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள், என்றது
நகரசபைக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தாள்.

அளந்தேன்.
இரண்டு இருபதுக்குக் கம்பத்தின் நிழல்
விரல் தடிப்பில் வந்து
மல்லிச் சட்டியைத் தொட்டுத் தாண்டியது.
கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே
சுவரை மனதால் கட்டிப் பார்த்தேன்.
மிச்சம் அரைமணி.

இரவு, மேசையில், ஜெர்மனில்:
மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,
கீழே ஒப்பமிடும் சிவலோஜினி தவபாலன் ஆகிய நான்
ஆட்சேபிக்கிறேன். காரணம்
காரணத்தில் பேனை நின்றது.
இருபத்தாறு வருடமாக
இங்குள்ள கந்தோர்களுக்கு நான் எழுதியதெல்லாம்
தயவுசெய்து என்றே தொடங்கும்.
இருக்க விடுங்கள். நீட்டித் தாருங்கள்.
கூடாது என்று எழுத இலக்கணம் தெரியும்.
கைக்குத்தான் பழக்கமில்லை.

கீழ்மாடி லூதி அம்மா அடுத்த நாள் ஏறிவந்தா,
தன் வெயில்குடையில் என் சட்டித் தண்ணீர் சொட்டுகிறதாம்.
மன்னிப்புக் கேட்டு, கடிதத்தை நீட்டினேன்.
நின்றபடி வாசித்தா. ஒரு காற்புள்ளி போட்டா.
"எழுபத்தொன்றில் நானும் எழுதினேன்,
அப்போது பின்தெருவில் இருந்தேன்,
என் அப்ரிகோட் மரத்துக்கு வெயில் போகிறதென்று."
எந்தக் கட்டடத்துக்கு?
காலால் என் தரையைத் தட்டினா.
"இரண்டு வரியில் பதில் வந்தது.
வாடகை பரவாயில்லை என்று பிறகு நானே குடிவந்தேன்."
போகும்போது மறுபடியும் வெயில்குடையை நினைவூட்டினா.

அன்று முழுக்க
அந்தக் காற்றுக் கட்டடத்தையே பார்த்திருந்தேன்.
மூன்று மாடி, எப்படியும் பன்னிரண்டு பல்கனி வரும்.
தெற்கு முகம். நல்ல வெயில். என் வெயில்.
அங்கே ஒருத்தி
எனக்குப் பேர் தெரியாத ஏதோ இலையை
சட்டி சட்டியாய் வைப்பாள்.
வேலையால் ஓடிவந்து
சப்பாத்தோடே நகர்த்துவாள்.

காரணம்: கொத்தமல்லி, என்று எழுதினேன்.
வேறு ஒன்றும் சேர்க்கவில்லை.
பதிவுத் தபால். துண்டை ஐஸ்குச்சியில் ஒட்டி
மல்லிச் சட்டியில் குத்திவைத்தேன்.

பதில் இன்னும் வரவில்லை.
இந்தக் கிழமை முப்பத்திரண்டு பாகை.
மல்லி யாரையும் கேளாமல்
விறுவிறென்று தண்டெடுத்துப் பூத்துவிட்டது.
இனிச் சம்பலுக்கு உதவாது.
வெள்ளையாய், பொடியாய்,
பார்க்க வடிவாய்த்தான் இருக்கிறது.

இரண்டு இருபத்தாறுக்கு வருகிறது இப்போது,
கம்ப நிழல்.
பூவில் இருந்த சின்ன ஈ
கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது.