குளிராக இருக்கும்

மொழிபெயர்ப்பாளர் பேர்ணில் இருக்கிறார்.
குரல் மட்டும் பீல் வரை வந்து
மேசையில் கிடக்கும் தொலைபேசிக்குள் மூச்சு விடுகிறது.

டொக்டர் சுர்புஹன் ஒரு சொல் சொல்கிறார்.
குரல் தயங்குகிறது. தேடுகிறது, எனக்குத் தெரியும்.
சந்தியில் திட்ட ஒரு சொல் உண்டு, ஆஸ்பத்திரிக்கு ஆகாது.
பின்பக்கம் என்றால் முதுகும் அதுதான்.
கடைசியில் "ஆசனவாய்" என்கிறார்,
அரசன் ஒருவன் வந்து அமரப்போவதுபோல.

இடப்பக்கம் சரிந்து படுக்க வேண்டும்.
முழங்கால்கள் நெஞ்சோடு.
சுவரில் ஏரிப் படம், ஒரு படகு,
அதில் ஆளில்லை.

முதலில் விரல்.
பிறகு குழாய், பெருவிரல் தடிப்பு.
"குளிராக இருக்கும்" என்கிறார், இருக்கிறது.
"வெளிக்குப் போகவேணும்போல இருக்கும், ஆனால் வராது" என்கிறார்,
இருக்கிறது, வரவில்லை.
இந்த நாட்டில்
ரயிலைத் தவிர
சொன்னபடியே எனக்கு நடந்தது இதுதான்.

பஞ்சில் எதையோ நனைக்கிறார்கள்.
மணம் தெரிந்த மணம்.
"வினாகிரியா?"
குரல் அங்கே கேட்டு இங்கே சொல்கிறது:
"ஓம். மாறின இடம் வெள்ளையாய்த் தெரியுமாம்."
இரண்டு நிமிடம் ஊறவேண்டும்.
அச்சாறுக்கு வெட்டிய மிளகாய்போல்
பொறுமையாய்க் கிடக்கிறேன்.

பதினெட்டு வருடமாய்
கண்ணில் வில்லை மாட்டி
மணிக்கூடுகளின் வயிற்றைப் பார்க்கிறவன் நான்.
மயிரளவு கீறல் என்றாலும்
இடுக்கியால் எடுத்து வேறு தட்டில் வைப்பேன்.

இப்போது டொக்டர் பேசவில்லை.
வில்லைக்குப் பின்னால் இருப்பவரின் மௌனம்
எனக்குப் பழக்கம்.
ஒன்றைக் கண்டால்தான்
கை இப்படி நிற்கும்.

"விறைக்க ஊசி போட்டிட்டு
சின்னத் துண்டொன்று கிள்ளி எடுப்பினம்.
மூச்சை விடுங்கோ, அண்ணை."

அண்ணை என்று
டொக்டர் சொல்லவில்லை.

மூச்சை விட்டேன்.

இரண்டு மூன்று நாள் இரத்தம் கசியலாம்.
பாரம் தூக்கக்கூடாது.
முடிவு கடிதத்தில் வரும், இரண்டு கிழமை.
பெயர் கேட்டேன். சொல்ல அனுமதியில்லையாம்,
ஓர் இலக்கம் சொன்னார். நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு.
பேருந்தில் இருக்கை வெறுமையாய் இருக்க
நின்றுகொண்டே வீடு போனேன்.

கடிதம் இன்னும் வரவில்லை.
காலையில் தட்டில் முதல் மணிக்கூடு,
மூடி கழற்றி, மல்லாந்து.
இடுக்கியை எடுத்தவன் நிறுத்தி
யாருக்கும் கேளாமல் தமிழில் சொன்னேன்,
குளிராக இருக்கும்.
பிறகுதான் தொட்டேன்.