வெப்பமானியைப் பார், இல்மோ

வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
ஔலு நகரத்துத் தெருக்களில் விடிகாலை மூன்றிலிருந்து
பனி தள்ளிய கை இன்னும் அதிர்கிறது எனக்கு.
அடுக்குமாடிக்கு அடியில், குண்டுக்குப் பயந்து கட்டி
குண்டே விழாத பதுங்கறை.
இரும்புக் கதவு, எட்டுக் கணினி, ஒரு காபிக் குடுவை.
வியாழன்தோறும் எங்கள் போர் இங்கேதான்.

பல் கட்டும் கூடத்தில் வேலை என்றாய்.
நல்லது, அளவு தெரிந்த கை.
ஆனால் இப்போது நீ எழுபது டன்.
எழுபது டன் நினைத்தவுடன் நிற்காது.
என் பனிவண்டியும் அப்படித்தான்,
பிரேக்கை நேற்றே மிதித்திருக்க வேண்டும்.

முதலில், நிற்காதே.
நின்றவனுக்கு நாங்கள் வைத்த பெயர் தபால்பெட்டி.
போகிற வருகிறவர்களெல்லாம்
ஆளுக்கொன்று போட்டுவிட்டுப் போவார்கள்.

கால் போகும் திசை ஒன்று, மார்பு பார்க்கும் திசை ஒன்று.
சுட்டதும் மார்பைத் திருப்பிவிடு.
அடி விழத்தான் செய்யும்,
ஒரே இடத்தில் விழ விடாதே.
தோளுக்குக் கொஞ்சம், கைக்குக் கொஞ்சம்,
கடன்காரர்களைச் சமாளிப்பதுபோல
ஒருத்தருக்கும் முழுசாகக் கொடுக்காதே.

மேட்டின் உச்சிக்கு ஏறாதே.
வானத்துக்கு முன்னால் உன்னை வரைந்துவைத்ததுபோல் தெரிவாய்.
உச்சிக்கு ஒரு முழம் கீழே நில்.
(நிற்காதே என்றாயே என்கிறாயா?
அது வேறு நிற்பது. போகப் போகப் புரியும்.)

நாங்கள் யாரைச் சுடுகிறோமோ அவனையே சுடு.
நாலு பேருக்குக் கீறல் போடுகிறவனை
யாரும் நினைவில் வைப்பதில்லை.

அப்புறம் அந்த முள்.
எல்லாப் பொத்தானையும் சேர்த்து அழுத்தாதே.
சொல்லி வாய் மூடவில்லை,
அழுத்தினாய்.
ஏவுகணை, லேசர், பீரங்கி எல்லாம் ஒரே மூச்சில்,
ஒரு பாறைமேல்.
முள் சிவப்பில் ஏறி, திரை கறுத்து,
உன் எழுபது டன்னும் தலை தொங்கித் தூங்கிப்போனது.
எதிரணி ரைலி பொறுமையாக நடந்து வந்தாள்.
மைனஸ் இருபத்தெட்டில்
வெந்து செத்தவன் நீ ஒருவன்தான்.

இரண்டாம் ஆட்டத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

மூன்றாவதில் முதலில் செத்தது நான்.
ஒரு கையால் காபி ஊற்றிக்கொண்டு
நின்றேன்.
தபால்பெட்டி.
செத்தவர் பேசக்கூடாது என்பது எங்கள் விதி,
எழுதியவளும் நானேதான்.
நாக்கைக் கடித்துக்கொண்டு உன் நாற்காலிக்குப் பின்னால் வந்தேன்.

நம் பக்கத்தில் நீ மட்டும். அந்தப் பக்கத்தில் ரைலி மட்டும்.
உன் இடது கை எப்போதோ போயிருந்தது.
அந்த மொண்டித் தோளையே அவளுக்குக் காட்டி நடந்தாய்,
இழக்க ஒன்றுமில்லாத பக்கம்
கேடயம் ஆகும் என்று
நான் சொல்லித்தரவில்லை.
ஆற்றில் இறங்கினாய். முழங்கால்வரை தண்ணீர்,
முள் மெல்ல இறங்கியது.
அதையும் நான் சொல்லவில்லை.

ரைலிக்குப் பொறுக்கவில்லை.
பதினொரு வருட ரைலி, மருந்துக்கடை ரைலி,
மாத்திரையை இரண்டு முறை எண்ணிக் கொடுக்கிறவள்,
எல்லாப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினாள்.
உன் தோள் தூளாயிற்று.
அவள் இயந்திரம் தலை தொங்கியது.

நீ ஓடவில்லை. சுற்றிக்கொண்டு பின்னால் போனாய்,
தகடு மெலிந்த முதுகுப் பக்கம்.
குனிந்து, வாய்க்குள் பார்ப்பதுபோலப் பார்த்து,
ஒரே ஒரு லேசர்.
"மன்னிக்கணும்," என்றாய் மைக்கில்.
ரைலி சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

பதுங்கறைக்கு அடுத்த கதவு சவுனா.
துண்டைக் கட்டிக்கொண்டு எல்லோரும் ஏறினோம்.
ரைலி பேசாமல் கரண்டி கரண்டியாகக்
கல்மேல் தண்ணீர் ஊற்றினாள்,
ஊற்றிய விதத்திலேயே தெரிந்தது ஆட்டம் முடியவில்லை என்று.
சுவரிலிருந்த வெப்பமானியை நீ பார்த்தாய்.
ஒரு பலகை இறங்கினாய்.
இன்னொரு கரண்டி.
இன்னொரு பலகை இறங்கி,
கதவைத் திறந்து, பனிக்குள் போய்விட்டாய்.

மேல்பலகையில் நான்,
காது மடல் எரிய, எழுந்திருக்க மனமில்லாமல்.
ஊருக்கெல்லாம் நிற்காதே என்று சொன்னவள்.
ரைலி கரண்டியை மறுபடி முக்கினாள்.