மணி அடித்தால் எது முதலில் உறங்கும்

பனிக்கன்குளம் தாண்டி
செம்மண் ஒழுங்கை தண்டவாளத்தைக் குறுக்கறுக்கும் இடத்தில்
ஒரு தகரக் கொட்டில், ஒரு கதிரை,
ஆணியில் கொழுவிய தொலைபேசி.
பகல் சுகிர்தாவுக்கு. இரவு எனக்கு.
ரெயில் வராத நேரம் முழுக்க
யாரோ ஊர்ப் பிள்ளைகள்
முப்பது வருடம் முந்தி ஆடி முடித்த ஆட்டங்களுக்கு.
அவை கடைக்கு வந்த நாட்களில்
ஓமந்தை தாண்டி இந்தப் பக்கம் பற்றரி வராது.
அதனால் இருவருக்கும் எல்லாமே புதுசு.

என்னுடையது நெட்டை.
மூன்றரை அங்குலத் திரை, நாலுக்கு மூன்று.
பழைய படம் அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் பொருந்தும்,
ஓரத்தில் கறுப்புப் பட்டி விழாது.
எட்டு பிட், பதினாறு பிட் எல்லாம் தண்ணிபட்ட பாடு.
வட்டில் வந்த ஆட்டங்களைப் போட்டால்தான்
நெல்மூட்டை ஏற்றிய லாண்ட்மாஸ்டர்போல் இழுக்கும்.
ஒருமுறை மின்னேற்றினால் எட்டு மணித்தியாலம்.

அவளுடையது படுக்கை.
ஒன்றுவிட்ட அண்ணன் ஸ்காபுரோவிலிருந்து அனுப்பியது.
ஐந்து அங்குலம், இரண்டு குமிழ், உள்ளே குட்டி விசிறி.
எதைப் போட்டாலும் ஓடும்.
பன்னிரண்டு மணி வெயிலிலும் திரை தெரியும்.
மூன்று மணித்தியாலத்தில் செத்துப்போகும்.
கொட்டிலின் ஒற்றைச் சோலார் தகடு
அதற்கே ஊட்டி ஊட்டிக் களைத்துப்போக
இரவு என் விளக்கு மங்கும்.
இதைச் சொன்னால்
"உன்ரை நெட்டையிலை நிலாவைத்தான் பார்க்கலாம்" என்பாள்.

ஒரு மாலை ஒரேயடியாய்த் தீர்ப்பதென்று முடிவு.
மணி அடிக்கும்போது எது முதலில் உறங்குகிறது?
மாங்குளத்திலிருந்து அழைப்பு வந்தது.
என் நெட்டை பக்கப் பொத்தானில் ஒரு தட்டுக்கு அணைந்தது.
அவளுடையது, 'நிச்சயமாகவா?' என்று கேட்டுக்கொண்டு நின்றது.
படலை இறக்கி, வண்டி போய்,
தூசி அடங்கியபின்
"இதிலை நீ வெண்டிட்டாய்" என்றாள்.
இதில் மட்டும்.

பிறகு ஒரு கிழமை மாற்றிக்கொண்டோம்.

முதல் இரவே எனக்கு விசர் பிடித்தது.
பாய அழுத்தினால் சுட்டது.
சுட அழுத்தினால் வரைபடம் திறந்தது.
இடது தோளில் இருந்த இரண்டு பொத்தானும் ஊமை.
தூசி போயிருக்கும் என்று ஊதினேன்.
பழையபடி தொழிற்சாலை நிலைக்குத் திருப்பலாமென்று
அந்தப் பக்கம்வரை போய்
ஏனோ விட்டுவிட்டேன்.

விடிய, வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைத்தாள்.
தாள் பறக்காமல் இடது கையால் அமத்திப் பிடித்தாள்:
பெருவிரல், சின்னி விரல்.
இரண்டு வருடமாய்த் தினம் பார்க்கும் கை.
பார்த்திருக்கிறேன். எண்ணியதில்லை.

நான் கொப்பியில் கோடு கீறி ஒப்பிட்டிருந்தேன்.
திரை, வேகம், பற்றரி, பாரம், விலை.
விரல் என்று ஒரு நிரல் போடவில்லை.

"ஓம், எல்லாத்தையும் வலப்பக்கம் கொண்டந்திட்டன்" என்றாள்.
"எமுலேட்டருக்குள்ளை போனால் எந்தப் பொத்தானுக்கும்
எந்த வேலையும் குடுக்கலாம். ரெண்டு நாள் எடுத்தது.
உன்ரை நெட்டை எனக்குச் சுகமடாப்பா,
பின்னாலை நாலும் ஒட்டிக்கொண்டு கிடக்கு.
வெயில்தான் சனியன்."

கொடியை உதறி விரித்துப் பார்த்தாள்.
முறிகண்டிக் கச்சான் சரை ஒன்றை என் பக்கம் தள்ளினாள்.
அவ்வளவுதான் கதை.

கிழமை முடிந்து நெட்டை திரும்பி வந்தது.
இரவு ஒன்பதரைக்குத் தட்டி எழுப்பினேன்.
நான் மூன்று மாதமாய் விழுந்து விழுந்து செத்த பள்ளம்.
அதன் நடு ஆகாயத்தில் குட்டி மனிதன்,
கால் இரண்டும் மடங்கி.
பின்னேர வண்டிக்கு மணி அடித்திருக்கும்.
அவள் பாய்ந்த பாய்ச்சல்.
அந்தக் கரையில் இறங்க
இன்னும் ஐந்தாறு புள்ளிதான் இருக்கும்.

பெருவிரலைப் பொத்தானில் வைத்தேன்.
அழுத்தவில்லை.

மெயில் வண்டிக்கு அழைப்பு வந்தது.
பக்கப் பொத்தானை ஒருமுறை தட்டிவிட்டு
படலை இறக்கப் போனேன்.