ஆரஞ்சு, மூன்று பிரதிகள்

குலசேகரம் சந்தைக்குப் பின்னால் ரப்பர் டிப்போவில்
ஷீட் தரம் பிரிப்பது என் வேலை.
ஒவ்வொன்றாய்த் தூக்கி
வெயிலுக்கு நேரே பிடிப்பேன்.
குமிழி இல்லாமல், கசடு இல்லாமல்
தேனுக்குள் போவதுபோல் ஒளி போனால் நாலு.
பூஞ்சைத் திட்டு இருந்தால் அஞ்சு.
மரப்பட்டை, எறும்பு, புகைக்கரி கண்டால் லாட்.
மதியத்துக்குள் நானூறு ஷீட்.
சோற்றுக்கு முன் கண்ணை மூடினால்
ஓரம் மங்கிய பழுப்புச் செவ்வகங்கள்
ஒன்றன்மேல் ஒன்றாய் மிதக்கும்.

அதனால்தான் அன்று மார்த்தாண்டத்தில்,
பல் டாக்டரின் அறையில்,
போன வருஷத்துக் காலண்டரைக் கண்டதும்
வலியை மறந்து எழுந்து நின்றேன்.
ஆரஞ்சுக்குள் ஓர் ஆரஞ்சு. வேறொன்றும் இல்லை.
யாரோ என் கண்ணுக்குள் எட்டிப் பார்த்து
வரைந்துவிட்டுப் போன மாதிரி.
ஆகஸ்ட் மாதத்தை மட்டும் கிழித்துத் தரக் கேட்டேன்.
நர்ஸ் டாக்டரைப் பார்த்தாள்.
டாக்டர் என் பல்லைப் பார்த்தார்.

இப்போது நூற்றுப்பதினேழு.
பிஸ்கட் டப்பா மூடியில் சிவப்பு, நீலக் கட்டங்கள்.
பூட்டிய ஹோட்டலின் ஏலத்தில்
சட்டத்தோடு நாற்பது ரூபாய்க்கு
பெயின்ட் வாளி தட்டிவிட்டதுபோல் ஒன்று.
(சட்டத்தின் பின்னால்
மேலும் கீழும் கொக்கி இருந்தது.
எது தலை என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை.)
வட்டம் வட்டமாய் அச்சடித்த ஒரு குடை;
கம்பி ஒடிந்தபின் துணியை மட்டும் மடித்து வைத்தேன்.
நாகர்கோவில் பழைய பேப்பர் கடையில்
ஒரு கறுப்புச் சதுரம்.
தராசில் முள் அசையவில்லை.
கடைக்காரர் காசு வாங்கவில்லை.

"இதுல என்னத்தயாக்கும் பாக்குத?"
என்பார் றோபின்சன்.
ஷீட்டில் என்னத்தைப் பார்க்கிறேன் என்று
இருபது வருஷத்தில் ஒருநாள் கேட்டதுண்டா?
அதற்குச் சம்பளம் உண்டு.

சிக்கல் ஆரஞ்சில்தான்.
அதே படம் பிறகு இரண்டு தடவை கிடைத்தது.
தபாலட்டையில் அது செங்கல்.
புத்தகத் தாளில் பழுத்த கொல்லாம்பழம்.
காலண்டரில் பப்பாளியின் உள்பக்கம்.
மூன்றையும் வெயிலுக்கு நேரே பிடித்தேன்.
பழக்கம்.
புத்தகத் தாளில் மறுபக்கத்து எழுத்துகள்
எறும்பாய் ஊர்ந்தன.
காலண்டரிலிருந்து
பற்பசை விளம்பரம் எழும்பி வந்தது.
எது நாலு, எது லாட்?
அசலைக் கண்டவருக்கல்லவா தெரியும்.

மணக்குடி டெலஸ்போர்,
தம்பியின் பாலிடெக்னிக் கூட்டாளி,
கப்பல் எங்கோ இரண்டு நாள் நின்றபோது
டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு
வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினான்:
"அக்கா, அது ஆரஞ்சே இல்லியாக்கும்.
கிட்ட போனா ஒருமாதிரி,
பைய பின்னால வந்தா வேறமாதிரி.
கலர் மட்டும் கேக்காதீங்கோ, அளவு சொல்லுதேன்.
ஒசரம் ஒம்பதடி. அகலம் ஆறே முக்கால்.
போட்டோ எடுக்கல. எடுத்தா அதுல வராது."
பின்னால் யாரோ இருமும் சத்தம்.
ஒன்பது தடவை கேட்டேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து
புகைப்புரையின் வெளிச்சுவரில்
டேப் வைத்துச் சாக்பீஸால் கோடு இழுத்தேன்.
ஏணியை றோபின்சன் பிடித்துக்கொண்டார்.
நடுவில் மூன்று ஆரஞ்சுகளையும்
செல்லோடேப்பில் ஒட்டிவிட்டு இறங்கிப் பார்த்தால்,
மாபெரும் கவரில்
மூன்று தபால்தலைகள்.

பேச்சிப்பாறைப் பக்கமிருந்து மழை வந்துவிட்டது.
தாள்களைப் பிய்த்து நெஞ்சோடு அணைத்து ஓடினேன்.
கோட்டுக்கு உள்ளேயும் வெளியேயும்
ஒரேபோல் கறுத்துக்கொண்டு வந்தது சுவர்.
பக்கத்து வீட்டு பெல்சிட்டாள்
தலையில் முறத்தோடு எட்டிப் பார்த்தாள்.
"சன்னலாக்குமா வைக்கப் போறிய?"

"ஆமா" என்றார் றோபின்சன்,
யாருமில்லாத ஏணியை
இன்னும் விடாமல்.